ஒரு டீஸ்பூன் காரத்துக்கு ஓர் அரவை மில்

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் மிளகாய் அரைக்கும் மில்லுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. ஆனால் அதைப் படித்துக் கடையைக் கண்டுபிடித்தவர்கள் இருக்க வாய்ப்பில்லை. எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலை விட்டு விலகி, எதிரே ஒரு சைக்கிள் வந்தால் யாராவது ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்துக்குள் திரும்பியதுமே தொண்டை கமறத் தொடங்கும். கமறல் தும்மலாக மாறும் இடத்தில் மில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு முறை, வீட்டுக்கு வேண்டிய குழம்பு மிளகாய்த்தூளை அங்கேதான் அரைத்து வருகிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியதால், ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமல் அதை விற்பவரையோ அரைப்பவரையோ மதிப்பிட எனக்கு வராது. ஆகவே மில்லைப் பற்றி எழுதும் இந்த மதிப்புரையில் பாதி, மிளகாயின் காரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அரவைக் கூலி என்ன என்று மட்டும் அறிய விரும்புகிறவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

பாக்கெட் தூளை விட்டுவிட்டு மில்லுக்கு வந்ததற்குக் காரணம் என் மாமியார். கடையில் வாங்கிய தூளைப் போட்டு வைத்த மீன்குழம்பு குங்குமம் கரைத்தது போல இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அத்தை, "செவப்பா இருக்குது, சுள்ளுனு இல்லையே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழு விவரமும் அடங்கியிருந்தது. மிளகாயின் சிவப்பு வேறு, காரம் வேறு. சிவப்பைத் தருவது கேப்சாந்தின், கேப்சோரூபின் என்னும் நிறமிகள். இவை கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினின் உறவினர்கள். காரத்தைத் தருவது கேப்சைசின் என்னும் நிறமற்ற, மணமற்ற, படிகமாகக் கிடைக்கும் வேறொரு பொருள். ஒன்று கூடினால் மற்றொன்றும் கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் சுருங்கிக் கருஞ்சிவப்பாக இருக்கும், உறைப்பு குறைவு. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய், அதாவது 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய், நிறத்தில் அதற்குப் பின்னால்தான் நிற்கும். நாக்கில் முன்னால் நிற்கும். நிறத்தைப் பார்த்து மிளகாய்த்தூள் வாங்குவது, சட்டையைப் பார்த்துப் பெண் கொடுப்பது போன்றது.

நான் அரைக்கக் கொண்டுபோகும் பை மூன்று கிலோ எடை இருக்கும். காய்ந்த மிளகாய் ஒரு கிலோ, தனியா ஒன்றரைக் கிலோ, மிளகு, சீரகம், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு தலா 100 கிராம், விரலி மஞ்சள் 75 கிராம், வெந்தயம் 25 கிராம். இது அத்தையின் கணக்கு. நான் மாற்றியது மிளகாயின் கலவையை மட்டும்தான். அரைக் கிலோ குண்டு, கால் கிலோ குண்டூர் நீள மிளகாய், கால் கிலோ பியாடகி. முதல் இரண்டும் காரத்துக்கு, மூன்றாவது கண்ணுக்கு. மிளகாயைச் சௌகார்பேட்டைப் பக்கம் மொத்த வியாபாரத்தில் வாங்குகிறேன்; மாசி, பங்குனியில் புது மிளகாய் வரும்போது வாங்குவது நல்லது, ஏனென்றால் கிடங்கில் நாள்பட்ட மிளகாயில் முதலில் வெளுப்பது நிறம்தான்.

இந்த ஒரு கிலோ மிளகாயில் காரப் பொருள் எவ்வளவு இருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் சமையலுக்கு வரும் காய்ந்த மிளகாயில் அது ஒரு சதவீதத்தை எட்டுவதே அரிது. தாராளமாக அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டின் ஆறு மாதக் காரம் முழுவதையும் பிரித்தெடுத்தால் ஒரு டீஸ்பூனில் அடங்கிவிடும். மீதி எல்லாம் தோல், விதை, நார், நிறம், மணம். அந்த ஒரு டீஸ்பூனைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கத்தான் இத்தனை ஏற்பாடு.

மிளகாய்க்குள் அந்த டீஸ்பூன் இருக்கும் இடத்தைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. விதையில்தான் காரம் என்று சொல்லி, விதையை உதிர்த்துவிட்டு அரைப்பவர்களை மில் வரிசையிலேயே பார்த்திருக்கிறேன். பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறினால் நடுவே வெளிறிய நரம்பு போல ஓடுகிறதே, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சதைதான் கேப்சைசினைச் சுரக்கும் இடம். விதை தானாக அதைத் தயாரிப்பதில்லை. பக்கத்தில் இருந்த பாவத்துக்கு மேலே பூசிக்கொள்கிறது. செடி அதைச் செய்யும் முறையும் சுவையானது. ஒரு பக்கம் வனிலைலமீன் என்ற துண்டு, மறுபக்கம் கொழுப்பு அமிலத்தின் வால் ஒன்று. இரண்டையும் கடைசியில் அமைடு பிணைப்பால் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. இப்படி உருவாகும் கேப்சைசின் மூலக்கூறில் 18 கார்பன், 27 ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்கள். இந்த வனிலைலமீன், வனிலா ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் வனிலினிலிருந்துதான் மிளகாய்க்குள் உருவாகிறது. காசிமேட்டு மீன்குழம்புக்கும் கோடைக்கால ஐஸ்கிரீமுக்கும் இப்படியொரு பங்காளி உறவு இருப்பதை வகுப்பில் சொன்னால், கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மில்லுக்குப் போகும் முன் மொட்டை மாடியில் இரண்டு நாள் காய வைப்பது வழக்கம். ஒரே பாயின் ஒரு பக்கம் துவரம்பருப்பு, மறுபக்கம் மிளகாய். அணில் வந்து பருப்பை மட்டும் எடுத்துப் போகும், மிளகாயை முகர்ந்துவிட்டு விலகிவிடும். கிளிகள் வந்தால் நேராக மிளகாய்க்குத்தான் போகும், பருப்பைச் சீண்டுவதில்லை. இதற்கும் காரணம் அந்த ஐந்து கிராம்தான். நம் நரம்பு நுனிகளிலும் அணிலின் நரம்பு நுனிகளிலும் கேப்சைசினுக்கு இசையும் பூட்டு ஒன்று இருக்கிறது. பறவைகளிடம் உள்ள அதே வகைப் பூட்டுக்கு இந்தச் சாவி பொருந்துவதில்லை. பல்லால் விதையை அரைத்துவிடும் விலங்குகளை விலக்கி, விதையை முழுதாக விழுங்கித் தொலைவில் எச்சமிடும் பறவைகளை விட்டுவைப்பது செடிக்கு லாபம். பொலிவியாவில் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தவர்கள் இன்னொரு பயனையும் கண்டார்கள்: பூச்சி துளைத்த ஓட்டை வழியாக நுழையும் பூஞ்சையிடமிருந்து விதையைக் காரம் காக்கிறது. அதற்காக, காரமுள்ள மிளகாயில் பூஞ்சையே பிடிக்காது என்று எண்ணி ஈரமாகக் கட்டி வைத்துவிடக் கூடாது. சரியாகக் காயாத மிளகாயில் அஃப்லாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு சேர்வது நம் நாட்டில் நெடுநாளைய தொல்லை.

மில்லின் முதல் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. அதை நடத்தும் பெரியவர் எடைத்தட்டில் வைப்பதற்கு முன்பே பைக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து வளைப்பார். மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவார், முறிந்தால்தான் அரைப்பார். இரண்டாம் ஆண்டு, கார்த்திகை மழை விட்ட மறுநாள் அவசரமாகப் போனபோது, "டீச்சரம்மா, இன்னும் ஒரு வெயில் காட்டுங்க, இது சல்லடையில பூசிக்கும்" என்று திருப்பி அனுப்பினார். பத்து நிமிடம் நடந்து வந்த எரிச்சல் எனக்கு இருந்தது. ஆனால் மிளகாய்த்தூளில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது; அந்தப் பதினொன்றை அவர் விரலால் அளக்கிறார் என்பதை உணர்ந்ததும் எரிச்சல் அடங்கிவிட்டது. கூலி வேண்டாம் என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

உள்ளே மூன்று இயந்திரங்கள். வாசலை ஒட்டி அரிசி, கோதுமைக்கான கல் மிஷின். உள்ளே தள்ளி மிளகாய், மசாலாவுக்கு ஒரு பல்வரைசர். அதற்குப் பக்கத்தில் சீயக்காய்க்கும் மஞ்சளுக்கும் சிறிய இயந்திரம் ஒன்று. கோதுமை மாவில் காரம் ஏறி, சப்பாத்தி சாப்பிட்ட குழந்தை அழுத கதை வடசென்னையில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். இங்கே அந்தக் கதைக்கு இடமில்லை. பல்வரைசரில் கல் கிடையாது. இரும்புச் சுத்தியல்கள் பொருத்திய தண்டு சுழன்று மிளகாயை அடித்து நொறுக்க, சல்லடைக் கண்ணுக்குள் புகும் அளவுக்குப் பொடியானது கீழே இறங்குகிறது. இறங்கும் வாயில் ஆளுயரத் துணிப்பை கட்டியிருப்பார்கள். காற்று துணி வழியாக வெளியேற, தூள் உள்ளே தங்கும். ஓடும்போது அந்தப் பை பெருமூச்சு விடும் ஆள் போல ஊதி நிற்கும். உங்கள் முறை வந்ததும் முன்னவருடைய தூள் மிச்சமிருக்குமே என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே, ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டு ஓட்டி, பையைக் கோலால் நான்கு தட்டுத் தட்டிக் கொட்டிவிடுகிறார்கள். இது முன்பு இல்லை. முதல் ஆண்டு என் தூளில் யாருடைய கரம்மசாலாவின் பட்டை வாசனையோ கலந்து வந்து, ஆறு மாதம் எங்கள் வீட்டுச் சாம்பார் பிரியாணி நினைப்பில் இருந்தது. அதைச் சொன்ன பிறகு நொய்யரிசி வழக்கம் வந்தது. புகாரைக் காதில் வாங்கிக்கொண்டதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

முதல் ஓட்டத்தில் ரவைப் பதம், இரண்டாவதில் தூள். இரண்டாவது முடிந்ததும் தூளைக் கையில் எடுத்தால் கை பொறுக்கும் சூடு இருக்கும். அதைத் தகரத் தட்டில் பரப்பி, பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் பையில் கட்டுகிறார்கள். மிஷின் சூட்டில் காரம் செத்துவிடும் என்றும், உரலில் இடித்தால்தான் காரம் நிற்கும் என்றும் அத்தை சொல்வார். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன். வேதியியல் ஆசிரியை அதை நம்பியது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். கேப்சைசின் உருகுவதே 62 முதல் 65 டிகிரி செல்சியஸில். ஆவியாகிப் போக அதைவிட வெகு அதிகமான வெப்பம் வேண்டும். ஒரு மணி நேரம் கொதித்த வற்றல் குழம்பில் குறையாத காரம், கைபொறுக்கும் சூட்டில் குறைந்துவிடுமா? குறைவது மணமும் நிறமும். சீரகம், தனியா, மிளகு இவற்றின் வாசனை எண்ணெய்கள் எளிதில் பறந்துவிடுபவை. சிவப்பு நிறமியோ வெப்பமும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் வெளுக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரம் தூளில் கட்டி தட்டும். ஆக, உரலில் இடித்த தூள் நன்றாக இருந்தது உண்மை. அதற்கு அத்தை சொன்ன காரணம்தான் சரியில்லை. தட்டில் பரப்பி ஆறவைக்கும் அந்தப் பத்து நிமிடம், உரலின் குணத்தில் பாதியை மில்லுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அவசரக்காரர்கள் அதற்குக் காத்திருக்காமல் வாங்கிப் போகிறார்கள். அது மில்லின் குற்றம் ஆகாது.

ஆவியாகாத பொருள் என்றால் சந்து முழுவதும் இருமுவது எதனால் என்று கேட்கலாம். நெடி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தூசுதான். பையின் துணிக்கண் வழியாகத் தப்பும் மிக நுண்ணிய துகள்கள் காற்றில் மிதந்து மூக்கிலும் தொண்டையிலும் படிகின்றன. தாளிக்கும்போது எழும் நெடியில் எண்ணெய்த் திவலைகள் அந்த வேலையைச் செய்கின்றன. படிந்த துகளிலிருந்து கேப்சைசின் நரம்பு நுனியில் உள்ள ஒரு புரதத்தைத் திறக்கிறது. 1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. இன்று டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டம் படபூட்டியனுடன் அவர் பகிர்ந்துகொண்டார். இந்தப் புரதம் ஒரு கதவு. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்து, கால்சியம் அயனிகளை உள்ளே விட்டு, சுடுகிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் அதே கதவைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். வியர்க்க வைக்கிறது, கண்ணிலும் மூக்கிலும் நீரை இறக்குகிறது. "எரியுது" என்று நாம் சொல்வது உவமை இல்லை, நரம்பு சொன்னதை அப்படியே சொல்கிறோம். அறுசுவையில் கார்ப்புக்கு இடம் உண்டு என்றாலும், நாக்கின் சுவை மொட்டுகளுக்கு இதில் வேலையில்லை. மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தேய்த்தவர்களுக்குச் சான்று தேவைப்படாது.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தூளை மூன்று விதமாகச் சோதிப்பேன். ஒரு சிட்டிகையை ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் தூவினால் சிவப்புக் கோடுகள் இழையாமல் மெதுவாக ஊறி இறங்க வேண்டும். சட்டென்று சாயம் கோடாக ஓடினால் தண்ணீரில் கரையும் நிறம் சேர்த்திருக்கிறார்கள். அடியில் படிந்ததை விரலால் தேய்க்கும்போது நறநறத்தால் செங்கல் தூள் அல்லது மணல். ஆனால் இந்தச் சோதனையை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது, ஏனென்றால் மிகவும் ஆபத்தான கலப்படமான சூடான் சாயங்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் காட்டிக்கொடுக்காதவை. 2005-இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வைத்தது, மிளகாய்த்தூளில் இருந்த சூடான் 1 என்ற சாயம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். கண்ணெதிரே முழு மிளகாயை அரைத்து வாங்குவதுதான் அதற்கு எதிராக நாம் செய்யக்கூடியது. மில்லுக்குப் போவதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

இரண்டாவது, கரைதிறன். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், இன்னொன்றில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய். இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டு, கால் மணி கழித்துத் தெளிவை மட்டும் நாக்கில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் ஏமாற்றும், எண்ணெய் சுள்ளென்று பிடிக்கும். கேப்சைசினின் நீளமான கொழுப்பு வால் தண்ணீரோடு ஒட்டாது. மிளகாய்த்தூளை எண்ணெயில் ஒரு பிரட்டுப் பிரட்டிவிட்டுப் புளிக்கரைசலை ஊற்றுவதும், மறுநாள் மீன்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயைத் தொட்டால் காரம் தூக்கலாக இருப்பதும் இதனால்தான். வாய் எரியும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் பயனில்லாமல், ஒரு கரண்டி தயிர் அடக்கிவிடுவதற்குப் பாலில் உள்ள கேசீன் புரதம் காரணம். அது கேப்சைசினைப் பற்றிக்கொண்டு போய்விடுகிறது. மில்லின் சுவரில் "மிளகாய் அரைத்தவர்கள் கை கழுவ" என்று எழுதி ஒரு சோப்பு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயும் வைத்தால் முழுமையாக இருக்கும். முதலில் எண்ணெய், பிறகு சோப்பு என்பதுதான் முறை.

மூன்றாவது சோதனை கொஞ்சம் விளையாட்டு. 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் நீர்த்துக்கொண்டே போய், சுவைப்பவர்களுக்குக் காரம் தெரியாமல் போகும் அளவை எண்ணாகக் குறித்தார். அந்த அளவில் தூய கேப்சைசினுக்கு 1 கோடியே 60 லட்சம். அதாவது ஒரு கிராமின் காரம் மறைய 16,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய இரண்டு லோடு. இப்போது ஆய்வுக்கூடங்களில் நாக்கை நம்பாமல் கருவியால் அளக்கிறார்கள். நான் வீட்டில் மில் தூளையும் இரண்டு பாக்கெட் தூள்களையும் சர்க்கரைத் தண்ணீரில் நீர்த்து, ஐந்து பேருக்கும் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கோப்பைக்குள் எல்லோருடைய நாக்கும் மரத்துவிட்டது, ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். முதல் கோப்பையிலேயே சரியாகச் சொன்னவர் அத்தை ஒருவர்தான். அவர் மில் தூளைத்தான் சொன்னார். இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எனக்கில்லை.

கலவையில் இருக்கும் மிளகைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிளகாய் நம் கரைக்குப் போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். வந்தவனுக்கு மிளகின் பெயரையே கொடுத்து மிளகாய் என்றோம். மிளகின் காரப் பொருளான பைப்பரினை 1819-இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். என் 100 கிராம் மிளகில் பைப்பரின் ஐந்து கிராமுக்குக் குறையாது; எடையில் ஒரு கிலோ மிளகாயின் கேப்சைசினுக்குச் சமம். ஆனால் உறைப்பில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதுவும் அதே கதவைத்தான் தட்டுகிறது, அவ்வளவு வலுவாகத் தட்டுவதில்லை. மிளகு சேர்த்தால் மஞ்சளின் குர்குமின் உடலில் 20 மடங்கு சேரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு அடிப்படை உண்டு. 1998-இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வு அது. அதில் ஒரே வேளைக்குக் கொடுத்த குர்குமின் 2 கிராம். என் ஆறு மாதத் தூளில் உள்ள 75 கிராம் மஞ்சளிலும் சேர்த்தே அவ்வளவுதான் இருக்கும். குழம்பைக் குழம்பாகச் சாப்பிடுவோம்.

குறைகளுக்கு வருகிறேன். எடையில் சேதாரம் கொஞ்சம் அதிகம். மூன்று கிலோ கொடுத்தால் இரண்டே முக்கால் கிலோவைத் தாண்டிக் கிடைத்ததில்லை. ஈரம் உலர்வதும் பையில் தங்குவதும் உண்டுதான் என்றாலும், பையை என் கண்ணெதிரே இன்னும் இரண்டு தட்டுத் தட்டலாம். காத்திருக்க நாற்காலி கிடையாது. பில் கொடுப்பதில்லை. கூலி கிலோவுக்கு 40 ரூபாய். மற்ற இடங்களை விட ஐந்து ரூபாய் கூடுதல், ஆறவைக்கும் தட்டுக்கும் நொய்யரிசிக்கும் சேர்த்துப் பார்த்தால் நியாயமானது. ஞாயிறு காலையில் போனால் ஒரு மணி நேரம் போய்விடும், செவ்வாய் அல்லது புதன் பதினோரு மணி வசதி.

பெரிய குறை தூசு. வெளியேற்றும் விசிறி இருக்கிறது, ஆனால் சந்துப் பக்கம் பார்த்து இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி பகல் முழுதும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார். கூரைக்கு மேலே குழாய் ஏற்றினால் தீரும் விஷயம் இது. இரண்டு முறை சொல்லியும் ஆகவில்லை. அதைவிடக் கவலை தருவது, பல்வரைசர் பக்கம் நிற்கும் இளைஞர் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்வது. ஒருமுறை அவர் வெறுங்கையால் சூடான தூளை அள்ளிப் பரப்புவதைப் பார்த்து எரியவில்லையா என்று கேட்டேன். "பழகிப்போச்சு டீச்சர், இப்பல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார். அது பெருமைப் பேச்சு இல்லை. கேப்சைசின் திரும்பத் திரும்பப் படும்போது அந்த நரம்பு நுனிகள் களைத்து, செய்தி அனுப்புவதை நிறுத்திக்கொள்கின்றன. இதே குணத்தை வைத்துத்தான் மூட்டுவலிக்கு 0.025 சதவீத கேப்சைசின் களிம்பு விற்கிறார்கள். அக்கி ஆறிய பிறகும் நிற்கும் நரம்புவலிக்கு தோலில் ஒட்டும் 8 சதவீத கேப்சைசின் ஒட்டுப்பட்டை ஒன்றுக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை மருத்துவர் மேற்பார்வையில் ஒட்டுகிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் முழங்காலில் மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசிவிட வேண்டாம். கை மரத்தால் வேலை எளிதாகலாம். தொண்டையும் நுரையீரலும் எச்சரிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டால் அதை நல்லது என்று சொல்ல முடியாது.

சென்ற முறை மருந்துக் கடையிலிருந்து தூசு தடுக்கும் மாஸ்க் ஒரு டஜன் வாங்கிப் போய்ப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். அங்கேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பங்குனியில் போனபோது பல்வரைசருக்குப் பக்கத்து ஆணியில் ஒன்று தொங்கியது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்புறம் செங்கல் நிறம், உட்புறம் வெள்ளை.